நிமிர்ந்தால்தான் வேலை

கிழக்கு வெளுக்கும் முன்பே உப்பளத்தில் கால் வைத்துவிட வேண்டும். வெயில் ஏறினால் பாத்தியின் வெள்ளை கண்ணைப் பறித்துவிடும். பாதத்து வெடிப்புகளில் உப்புநீர் இறங்கி எரியும். மரக்காணத்துப் பெண்களுக்கு அந்த எரிச்சல் பழகிப்போன ஒன்று. பழகாதது டார்ச் வெளிச்சம்தான்.

பெரிய வரப்பு தொடங்கும் இடத்தில் மேஸ்திரி கன்னியப்பன் டார்ச்சோடு நிற்பார். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக அவரைக் கடந்து போக வேண்டும். பெண்களின் முகத்தில் அவர் வெளிச்சம் அடிப்பதில்லை. இடுப்பில் அடிப்பார். எவள் கூனி நடக்கிறாளோ, எவள் காலை இழுத்து வைக்கிறாளோ அவளிடம், "நீ இன்னிக்கு ரெஸ்ட் எடும்மா" என்பார். அந்த ரெஸ்ட் மறுநாளும் தொடரும், மறுவாரமும் தொடரும். பிறகு அவள் பெயரையே யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆராயிக்கு ஐம்பத்திரண்டு வயது. இடுப்பைச் சுற்றி ஒரு துண்டை மூச்சு முட்டும்படி இறுக்கிக் கட்டியிருந்தாள். டார்ச்சுக்குப் பத்தடி இருக்கும்போதே முதுகை நிமிர்த்திக்கொண்டாள். நிமிர்ந்த உடனே வலது பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் ஒரு நெருப்புக் கோடு இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஆராயி, நேரா நட."

"நேராத்தான் நடக்கறேன் மேஸ்திரி. வரப்புதான் கோணல்."

பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். கன்னியப்பன் வெளிச்சத்தை அடுத்தவள் மேல் நகர்த்தினார்.

ஆண்கள் பாத்தியில் வாரிக் குவித்திருந்த ஈர உப்பைப் பெண்கள் கூடையில் அள்ளி, தலையில் சும்மாட்டின் மேல் ஏற்றி, ரோட்டோரத்து அம்பாரத்தில் கொட்ட வேண்டும். போன வருஷம் வரை மூங்கில் கூடை. இந்த வருஷம் பெரிய பிளாஸ்டிக் கூடை வந்திருந்தது. கூடை பெருத்தது, கூலி பெருக்கவில்லை. கூடையின் ஓட்டையிலிருந்து வடியும் நீர் நெற்றி வழியாகக் கண்ணுக்குள் இறங்கும். துடைக்கக் கை கிடையாது.

வரப்பு ஓர் ஆள் அகலம்தான். இரண்டு பக்கமும் சேறு. பதினாலு பெண்கள் வரிசையாகப் போய், கொட்டிவிட்டு, வேறு வரப்பு வழியே திரும்பி வர வேண்டும். முன்னால் போகிறவள் நின்றால் பின்னால் வரும் அத்தனை பேரும் சுமையோடு நிற்க வேண்டும். தாண்டிப் போக வழியில்லை. அதனால் வரப்பில் நிற்பது பாவம் என்று அந்தப் பெண்களே விதி வைத்திருந்தார்கள். மேஸ்திரியின் வசவைவிட அந்த விதிக்குத்தான் அவர்கள் அதிகம் பயந்தார்கள்.

வரிசையில் முதலில் நடப்பவள் ஆராயி. பாதி வரப்பு தாண்டுவதற்குள் வலது கால் மரத்துக் கட்டையாகிவிடும். இரண்டு நிமிஷம் குத்துக்காலிட்டுக் குனிந்து உட்கார்ந்தால் கால் திரும்பி வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டே நிமிஷம். ஆனால் பின்னால் பதிமூன்று கழுத்துகள் இருந்தன.

"இன்னா ஆராயிக்கா, பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு நடந்து காட்டறியா?" என்று கடைசியிலிருந்து கத்தினாள் பூங்குழலி. இருபத்திரண்டு வயது, வரிசையிலேயே சின்னவள். "சீக்கிரம் போக்கா, கழுத்து ஒடியுது!"

"வாய மூடுடி. அவ கால் அவளுக்குத்தான் தெரியும்" என்றாள் ஆராயிக்கு அடுத்து வந்த அந்தோணியம்மாள்.

ஆராயி நடந்தாள்.

உப்பளத்தின் முதலாளி சகாதேவன் பக்திமான் என்று ஊரில் பெயர் எடுத்தவர். வெள்ளிக்கிழமை தோறும் அன்னதானம் போடுவார். சனிக்கிழமை தோறும் உப்பளத்துப் பெண்களுக்கு வலி ஊசி போட வைப்பார். கிடங்குக்குப் பின்னால் ஒரு நீலத் தார்ப்பாய் கட்டி, அதன் முன்னால் அவர் கைகூப்பி நிற்கும் ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள்: 'தொழிலாளர் நலமே எங்கள் நலம்.'

ஊசி போட வருகிறவர் டாக்டர் இல்லை. எங்கோ மருந்துக்கடையில் நின்றவர். ஒரு டிபன் பாக்ஸில் கலங்கிய வெந்நீர். அதில் நாலைந்து ஊசிகள். ஒருத்திக்குக் குத்திவிட்டு அதே நீரில் ஒரு முக்கு முக்கி அடுத்தவளுக்குக் குத்துவார். துடைத்த பஞ்சைக் காலடியில் போடுவார். அது சாம்பல் நிறமாகி, ஈ மொய்த்து, அடுத்த சனிக்கிழமை வரை அங்கேயே கிடக்கும். உப்புத் தரையில் ரத்தச் சொட்டுகள் துரு மாதிரி காய்ந்திருக்கும். ஊசிக்கு யாரும் காசு கொடுக்க வேண்டாம். அதை முதலாளி ஒலிபெருக்கி வைக்காத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊசி வேலை செய்தது. அதுதான் அதில் இருந்த விஷம். நாலு நாள் வலி எங்கே போனதென்றே தெரியாது. அந்த நாலு நாளும் கன்னியப்பன் கூடையை இன்னும் கொஞ்சம் குவித்து ஏற்றச் சொல்வார். ஐந்தாம் நாள் வலி கூட்டாளிகளோடு திரும்பி வரும். முதல் ஊசி போட்டுக்கொண்ட அன்று ஆராயி முதலாளியைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கையை எங்காவது கழுவ வேண்டும்போல அவளுக்கு இருந்தது. இன்னொருத்தியின் வலியை மறைத்து, மறைத்த வலியின் மேல் இன்னும் பாரம் ஏற்றுகிறவனை எந்தத் தெய்வம் அன்னதானத்துக்காக மன்னிக்கும்?

ஒரு திங்கட்கிழமை அந்தோணியம்மாள் வேலைக்கு வரவில்லை. புதன்கிழமை சாயங்காலம் ஆராயி அவள் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. அந்தோணியம்மாள் குப்புறப் படுத்திருந்தாள். ஊசி போட்ட இடம் தேங்காய் மூடி அளவுக்கு வீங்கி, கருஞ்சிவப்பாகி, நெருப்பாகக் கொதித்தது. உடம்பு முழுக்கக் காய்ச்சல்.

ஷேர் ஆட்டோவில் பக்கவாட்டில் சாய்த்து உட்கார வைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். கீறினார்கள். ஆராயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிண்ணத்தில் இறங்கியதைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சீழைக் கண்டு இல்லை. வீட்டில் ஆளில்லாத ஒருத்தியின் உடம்பில் இதை வைத்து அனுப்பியவன் இந்நேரம் எங்கோ சம்மணமிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான் என்று நினைத்ததால்.

அந்தோணியம்மாள் கண்ணைத் திறந்தாள். "ஏசப்பாவுக்கு அஞ்சு காயம்டி ஆராயி. எனக்கு ஒண்ணுதான். அதுவும் உக்கார்ற எடத்துல."

ஆராயி சிரித்து, அழுது, வராந்தாவுக்கு வந்தாள். நின்றதில் கால் மரத்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, முழங்கால் மேல் முழங்கைகளை ஊன்றி முன்னால் சாய்ந்தாள்.

"அம்மா, எவ்ளோ தூரம் நடந்தா கால் மரத்துப்போவுது?"

நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைக் கோட்டும் தலையில் முக்காடுமாக ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். பிசியோதெரபிக்காரப் பெண், ஹஸ்னா. கோட்டக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள்.

"ஒரு வரப்பு. அதுகூட இல்ல, பாதி."

"இப்படி முன்னால சாஞ்சு உக்காந்தா சரியாயிடுதா?"

"ரெண்டு நிமிஷத்துல. உனக்கு எப்படிம்மா தெரியும்? நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே."

"நீங்க உக்காந்திருக்கறதே சொல்லுதும்மா. ஸ்கேன் ஏதாச்சும் எடுத்தீங்களா?"

போன வருஷம் புதுச்சேரியில் எடுத்ததை ஆராயி சொன்னாள். அங்கே டாக்டர் ஆபரேஷன் என்று சொன்னதும் பயந்து எழுந்து வந்துவிட்டாள். அந்தக் கவர் வீட்டில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. மறுநாள் அதைக் கொண்டுவரச் சொல்லி, அங்கிருந்த டாக்டரிடமும் காட்டி, கால்களைத் தூக்கவும் அழுத்தவும் வைத்துப் பார்த்துவிட்டு ஹஸ்னா எதிரில் உட்கார்ந்தாள்.

"பாத்திக்கு மடை வழியாத்தானே தண்ணி போவுது? மடை சுருங்கிட்டா?"

"தண்ணி திணறும்."

"முதுகெலும்புக்குள்ள நரம்பு போற வழி உங்களுக்குச் சுருங்கிடுச்சு. நீங்க நிமிரும்போது அது இன்னும் நெருக்குது. முன்னால சாயும்போது கொஞ்சம் விட்டுக்குடுக்குது."

ஆராயி தன் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு இடுப்புத் துண்டின் முடிச்சைத் தொட்டுக் காட்டினாள். "கூனினா வேலை இல்லன்னு, இத இறுக்கிக் கட்டிகினு தெனமும் நிமிந்து நிமிந்து நடந்தேன் பாப்பா. அப்ப நானேதான் நெருக்கிக்கிட்டேனா?"

ஹஸ்னா டார்ச் வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவள் முகம் சுளித்தது. "ச்சீ, இடுப்புலயா அடிச்சுப் பாக்கறாங்க?" என்றாள்.

"ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணுமா?"

"சிலருக்கு வேணும்மா. காலுல பலம் போயிட்டா, ஒண்ணுக்கு ரெண்டுக்கு அடக்க முடியாமப் போனா, உக்கார்ற எடம் மரத்துட்டா, அன்னிக்கே ஓடி வந்துடணும். உங்களுக்கு அதெல்லாம் இல்ல. மொதல்ல நான் காட்டற பயிற்சியப் பண்ணிப் பாப்போம். முழுசாப் போயிடும்னு பொய் சொல்ல மாட்டேன். வலி குறையும், நடக்கற தூரம் கூடும், இன்ஷா அல்லாஹ்."

"மொதலாளி அளத்துல போட வெக்கற அந்த ஊசி?"

"முதுகுல போடற ஊசி ஒண்ணு இருக்குது. அத ஆஸ்பத்திரில, படம் பாத்துகினு டாக்டர்தான் போடணும். உங்க மொதலாளி ஆளு போடறது வைத்தியம் இல்லம்மா."

சொல்லிவிட்டு ஹஸ்னா வராந்தாத் தரையில் படுத்தாள். பினாயில் வாடையும் செருப்புத் தடமுமாக இருந்த தரை. மல்லாந்து முழங்கால்களை மடக்கி, ஒவ்வொன்றாக நெஞ்சுக்கு இழுத்துப் பிடித்துக் காட்டினாள். வயிற்றை உள்ளே இழுத்து இடுப்பைத் தரையோடு அழுத்திக் காட்டினாள். ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைக்கச் சொன்னாள். எழுந்தபோது கோட்டின் முதுகெல்லாம் அழுக்கு. அதை அவள் தட்டிவிடக்கூட இல்லை. உலகம் இன்னும் உப்பு அரித்துப் போகாமல் இருப்பது இப்படிப்பட்ட அழுக்குப் பட்ட கோட்டுகளால்தான்.

"தலைச்சுமை கூடாது. தள்ளுவண்டி இருந்தா நல்லது, கைப்பிடியில சாஞ்சு தள்ளலாம். வலி வர்றதுக்கு முன்னாலயே நடுநடுவுல உக்காந்துடணும்."

"உக்காரணுமா?" ஆராயிக்குச் சிரிப்பு வந்தது. "வரப்புல உக்கார முடியாது கண்ணு. பின்னால பதிமூணு பேரு இருக்காங்க."

ஹஸ்னா பேனாவை எடுத்தாள். தான் சொன்னதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி, டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாள்.

மூன்று வாரம் ஆராயி காலையும் மாலையும் பாயில் படுத்து முழங்காலைக் கட்டிப் பிடித்தாள். ராத்திரி தூக்கம் வந்தது. தண்ணீர்க் குழாய் வரை நிற்காமல் போக முடிந்தது. ஆனால் கூடை தலையில் ஏறியதும் எல்லாம் பழையபடி ஆனது. ஒரு சனிக்கிழமை அவள் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனாள்.

சகாதேவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தார்ப்பாய்க்குள் ஊசி நடந்துகொண்டிருந்தது. வரிசையில் பூங்குழலி நின்றிருந்தாள்.

"இன்னா இது?"

"ஆஸ்பத்திரிச் சீட்டு மொதலாளி. தலைச்சுமை ஆகாதாம். ரெண்டு தள்ளுவண்டி வாங்கி, வரப்பு மேல பலகை போட்டீங்கன்னா தள்ளிடுவோம். நடுவுல உக்கார்றதுக்குக் கொஞ்சம் எடம்."

"உக்கார்றதுக்கா?" அவர் சீட்டை வாங்கவே இல்லை. "இது உப்பளமா, பார்க்கா? எங்கப்பா காலத்துலருந்து தலையிலதான் போவுது. யாரும் சாவல."

"சாவல. கூனினவங்கள வூட்டுக்கு அனுப்பிட்டீங்க. வூட்டுல செத்தத நீங்க பாக்கல."

"வாய் நீளுது. வலிச்சா ஊசி போட்டுக்கோ. சும்மாத்தானே போடறேன்?"

"அந்த ஊசிதான் அந்தோணியம்மாள அறுத்துக் கட்டு போட வெச்சுது."

சகாதேவன் சிரித்தார். "அவ குளிக்காம இருந்திருப்பா."

தார்ப்பாய்க்குள் ஊசிக்காரரும் சேர்ந்து சிரிப்பது கேட்டது. ஆராயியின் வாயில் கசப்பு ஊறியது. நாள் முழுக்க உப்புநீரில் நனைந்து, ராத்திரி இரண்டு குடம் தண்ணீருக்கு வரிசையில் நின்று, அதில் ஒரு குடத்தைத் தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகே ஜெபத்துக்கு உட்காருகிறவள் அந்தோணியம்மாள். ஈ மொய்த்த பஞ்சையும் முதலாளியின் விபூதி பூசிய நெற்றியையும் ஆராயி மாறி மாறிப் பார்த்தாள். எது நாறுகிறது என்று அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

"திங்கக்கிழம ஆறு லாரி வருது, மழை வேற வரும்ன்றாங்க. ஊசி போட்டுகினு வர்றதுன்னா வா. கூனி நடக்கறவங்களுக்கு என் அளத்துல வேலை இல்ல."

திரும்பும்போது ஆராயி பூங்குழலியின் அருகில் நின்றாள். திட்டவில்லை. "போட்ட எடத்தத் தொட்டுப் பாத்துக்கடி. கல்லு மாதிரி இருந்தா எங்கிட்ட வா. ஆஸ்பத்திரிக்கு நான் தொணைக்கு வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

"உன் வேலையப் பாருக்கா" என்றாள் பூங்குழலி. ஆனால் ஆராயியின் கண்ணைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, அந்தோணியம்மாளைப் பார்க்கப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி கஞ்சி கொண்டுவந்தாள், ஒருத்தி இரண்டு வாழைப்பழம். பேச்சு ஆராயியின் காலுக்கு வந்தது. "இன்னாமோ படுத்துகினு பண்றியாமே, காட்டு பாப்போம்" என்றார்கள். அவள் படுத்துக் காட்டினாள். ஒருத்தி சும்மா தானும் படுத்துப் பார்த்தாள். பிறகு இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்ன அறையில் ஆறு பெண்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். ஒருத்தியின் தலை மற்றொருத்தியின் காலில்.

"ஐயோ, இடுப்பு நல்லா இழுக்குதுடி" என்றது ஒரு குரல்.

"உனக்கும் வலிக்குதா? ஒருநாளும் சொல்லலியே?"

"நீ சொன்னியா?"

எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். டார்ச்சுக்குப் பயந்து மேஸ்திரியிடம் மறைத்ததை இத்தனை வருஷமும் ஒருத்திக்கொருத்தி மறைத்திருந்தார்கள். வரப்பில் நின்றவளைத் திட்டிய வாய்கள் எல்லாம் தாங்களும் நிற்க ஆசைப்பட்ட வாய்கள்தான்.

வாசலில் பூங்குழலி நின்றிருந்தாள். உள்ளே வந்து, "காயத்தக் காட்டேன் அந்தோணிக்கா" என்றாள். அந்தோணியம்மாள் கட்டை விலக்கிக் காட்டினாள். ஆறிக்கொண்டிருந்தாலும் ஒரு விரல் போகும் பள்ளம் அது. பூங்குழலியின் கை தன்னையறியாமல் தன் இடுப்புக்குப் போனது.

கிளம்பும்போது ஆராயி சொன்னாள்: "நாளைக்கு எனக்குக் கால் மரத்துதுன்னா நான் உக்காந்துடுவேன். உங்க கழுத்து வலிக்கும். என்ன மன்னிச்சிடுங்க."

அந்தோணியம்மாள் காயத்துக் கட்டை மறுபடி இறுக்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை விடியலில் ஆராயி இடுப்புத் துண்டைக் கட்டாமல் வந்தாள். டார்ச்சுக்கு எதிரிலும் நிமிரவில்லை. வெளிச்சம் அவளுடைய வளைந்த இடுப்பில் விழுந்து அங்கேயே நின்றது. ரோட்டில் ஆறு லாரிகள் வரிசையாக இருந்தன. வடகிழக்கில் மேகம் கட்டியிருந்தது. கன்னியப்பன் டார்ச்சைத் தாழ்த்தி, "மொதலாளி கேட்டா ஊசி போட்டாச்சுன்னு சொல்லு" என்றார் மெதுவாக.

"நான் பொய் சொல்றதில்ல மேஸ்திரி."

அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் நடந்தாள். புண் முழுசாக ஆறாத அந்தோணியம்மாளும் அன்றுதான் வேலைக்குத் திரும்பி, கட்டோடு அவள் பின்னால் நடந்தாள்.

ஏழாவது நடையில், பாதி வரப்பில், வலது கால் கட்டையானது. ஆராயி நின்றாள். தனியாகக் கூடையை இறக்க முடியாது; தலையைச் சாய்த்தாள். உப்பு சரிந்து சேற்றில் கொட்டியது. அவள் அப்படியே குந்தி, முழங்கால்களைக் கட்டிக்கொண்டு குனிந்தாள். கண்ணை மூடிக்கொண்டு வசவுக்காகக் காத்திருந்தாள்.

"ஏய் ஆராயி" என்றாள் அந்தோணியம்மாள். "நீ பாட்டுக்கு உக்காந்துட்டா எனக்கு யாரு எறக்கறது? கையக் குடு."

ஆராயி உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் தூக்கினாள். அந்தோணியம்மாள் குனிய, கூடை இறங்கி வரப்பில் உட்கார்ந்தது. அந்தோணியம்மாள் திரும்பி அடுத்தவளின் கூடையைப் பிடித்தாள். அவள் அதற்கடுத்தவளுடையதை. ஈரக் கூடைகள் மண்ணில் இறங்கும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக வரப்பின் கடைசி வரை போயிற்று.

"சொல்லிட்டு உக்கார மாட்டீங்களா?" என்று பூங்குழலியின் குரல் வந்தது. "எறக்குங்கடி எனக்கும்!"

கன்னியப்பன் ஓடி வந்தார். கத்தினார். போனில் முதலாளியைக் கூப்பிட்டார். அந்தப் பக்கத்துக் குரல் காற்றையும் மீறி எல்லோருக்கும் கேட்டது. "இழுத்து எழுப்புடா!"

"எந்தப் பக்கத்துலருந்து இழுக்கறது மொதலாளி? பதினாலு பேரும் உக்காந்திருக்காங்க."

கால் மணி நேரத்தில் சகாதேவன் வந்துவிட்டார். பளபளக்கும் செருப்போடு வரப்பின் முனையில் நின்றார். அதற்கு மேல் போக வழியில்லை. வரப்பு முழுக்கப் பெண்கள்.

"சரி, ஆராயி மட்டும் உக்காந்துக்கட்டும். மத்தவங்க எழுந்திருங்க. லாரி நிக்குது."

அந்தோணியம்மாள் சொன்னாள்: "வரப்பு ஒத்தையடி மொதலாளி. அவ உக்காந்தா நாங்க தாண்ட முடியாது."

"வேற ஆளு கூட்டிகினு வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"கூட்டிகினு வாங்க. அவங்களுக்கும் இடுப்பு இருக்கும்."

யாரோ சிரித்தார்கள். சகாதேவனின் முகம் கறுத்தது. "போலீசக் கூப்பிடுவேன்" என்றார். "மழை வந்து உப்பு கரைஞ்சா உங்க எல்லார் தலையிலயும் கட்டுவேன்" என்றார். மேகம் இன்னும் கொஞ்சம் கிட்ட வந்திருந்தது. கரைந்தால் அவர்களுடைய கூலியும் அதோடு கரையும் என்பது உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்திக்கும் தெரியும். இருந்தும் ஒருத்தியும் அசையவில்லை. சிலர் முழங்காலைக் கட்டிக் குனிந்திருந்தார்கள். ஒருத்தி தன் முன்னால் இருந்தவளின் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆராயியின் பாதத்தில் முதலில் ஊசி குத்துவது போல ஒரு குறுகுறுப்பு. பிறகு சேற்றின் குளிர்ச்சி தெரிந்தது. விரல்களை மடக்கிப் பார்த்தாள். மடங்கின.

"கால் வந்துட்டுதா?" என்று கேட்டாள் அந்தோணியம்மாள்.

"வந்துட்டுது."

"அப்ப எழுந்து பேசு. வண்டி, பலகை, உக்கார எடம், ஊசிக்காரன் இனிமே வரக்கூடாது, கூனினவள வூட்டுக்கு அனுப்பக்கூடாது. ஒண்ணயும் விட்டுடாத. நாங்க உக்காந்திருக்கோம்."

ஆராயி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முதுகை நிமிர்த்தவில்லை. சற்றே முன்னால் சாய்ந்து, தனக்கு எது இதமோ அப்படியே நின்றுகொண்டு, முதலாளியைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள்.